தோட்ட வேலைக்குச் சான்றிதழ் போதுமா?

கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்கா 2010இல் திறக்கப்பட்டது. அதே சாலையில் எதிர்ப்புறம் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா வந்துவிட்டது. மயிலாப்பூரில் நாகேஸ்வர ராவ் பூங்கா, தி.நகரில் பனகல் பூங்கா, அடையாற்றின் கரையில் தொல்காப்பியப் பூங்கா. இவை தவிர அடுக்குமாடிகள், மருத்துவமனைகள், ஐ.டி. வளாகங்களின் புல்வெளிகள். இங்கெல்லாம் களை பறிப்பவர்களிடமும் தண்ணீர் பாய்ச்சுபவர்களிடமும் பேசிப் பாருங்கள். நாம் பேசியவர்களில் பலர் கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் விடியுமுன் பேருந்து ஏறி வருகிறவர்கள். ஒருகாலத்தில் இதே ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்தவர்களும் அவர்களில் உண்டு.

அலங்காரத் தோட்டக்கலையைச் சமுதாயக் கல்லூரியில் படிக்கலாமா என்று அவர்களுடைய பிள்ளைகள் இப்போது கேட்கிறார்கள். பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களும் சேர முடிவதுதான் சமுதாயக் கல்லூரியின் சிறப்பு. சென்னையில் 1996இலேயே சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் அப்படி ஒன்றைத் தொடங்கியது.

பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். “மண்வெட்டி பிடிக்கவா படிக்க வைத்தோம்?” என்பது அவர்கள் கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது. 1953இல் ராஜாஜி அரசு பாதி நாள் பள்ளி, மீதி நாள் குடும்பத் தொழில் என்று கொண்டுவந்ததைக் குலக்கல்வி என்று தமிழ்நாடே எதிர்த்தது. அடுத்த ஆண்டே காமராஜர் அதைக் கைவிட்டார். அந்த அச்சம் இன்னும் நமக்குத் தேவைதான்.

ஆனால் இந்தப் படிப்பு வெறும் மண்வெட்டி வேலையல்ல. எந்த மண்ணில் எந்தச் செடி நிற்கும், கடற்காற்றுக்கு எது கருகும், போகன்வில்லாவை எப்போது கவாத்து செய்வது, பதியன் போடுவது எப்படி, சொட்டுநீர்க் குழாயை எங்கே இழுப்பது, ஒரு மாடித் தோட்டத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று மதிப்பீடு போட்டுக் கொடுப்பது... கடைசியில் சொன்னதுதான் முக்கியம். தண்ணீர் ஊற்றுகிறவருக்குத் தினக்கூலி. வரைபடமும் மதிப்பீடும் போடுகிறவருக்கு ஒப்பந்தம். இந்த இடைவெளியைத் தாண்டத்தான் படிப்பு.

சான்றிதழ் வாங்கிய பிறகும் ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் ‘திறன் பெறாத தொழிலாளர்’ என்றே எழுதினால் ஓராண்டு படிப்பு வீண். பூங்காப் பராமரிப்புக்கு டெண்டர் விடும் மாநகராட்சி, பயிற்சி பெற்றவர்களை இத்தனை பேர் வைத்திருக்க வேண்டும், அவர்களுக்குத் திறன் பெற்றோருக்கான ஊதியம் தர வேண்டும் என்று டெண்டர் நிபந்தனையிலேயே எழுதட்டும். தாட்கோ அதிகாரிகள் இதற்கு மாநகராட்சியிடம் ஒரு கடிதமாவது எழுதலாம்.

சொந்தமாகத் தொழில் தொடங்க விரும்பும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும், 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. தோட்டம் அமைத்துத் தருவதைச் சேவைத் தொழிலாகக் காட்டி மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். மேலே படிக்க நினைப்பவர்களுக்கு மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் 2 ஆண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது.

சேருவதற்கு முன் கல்லூரியில் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். சான்றிதழுக்கு எந்தப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம்? கல்வி உதவித்தொகை பொருந்துமா? செயல்முறை வகுப்புக்கு நிலம் இருக்கிறதா, அல்லது கரும்பலகையில்தான் செடி வளர்ப்பார்களா? சென்ற ஆண்டு படித்து முடித்தவர்கள் எங்கே, என்ன சம்பளத்தில் வேலை பார்க்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். முடிந்தால் அவர்களில் இரண்டு பேரிடம் நேரில் பேசிவிட்டுப் பணம் கட்டுங்கள்.