சொல்லும் துணிவும் கேட்கும் செவியும்

மேல்நிலை இரண்டாம் ஆண்டு முடிந்ததும் எங்களில் சிலர் உதகையிலும் குன்னூரிலும் உள்ள கல்லூரிகளில் சேர்வோம். சிலர் மலையிறங்கிக் கோவைக்கும் சென்னைக்கும் செல்வோம். இப்போதே வீட்டில் அறிவுரைகள் தொடங்கிவிட்டன. "பொழுது சாயுமுன் வந்துவிடு, தனியே நடக்காதே, தலை குனிந்து போ." பேருந்து நிறுத்தத்திலிருந்து லைன் வீடு வரை தேயிலைத் தோட்டத்தின் நடுவே பனிமூட்டத்தில் நடந்து பழகிய எங்களுக்கு இவை புதியவை அல்ல. அன்பினால் சொல்லப்படுபவை என்பதையும் அறிவோம். ஆயினும் இவை மட்டும் போதா. (அண்ணன் தம்பியருக்கு இத்தகைய அறிவுரை ஒன்றும் கிடைப்பதாகத் தெரியவில்லை!)

2024 டிசம்பர் 23 அன்று, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்திற்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். மிரட்டலுக்கு அஞ்சாமல் மறுநாளே அவர் புகார் கொடுத்தார். அதன் பின் நடந்ததுதான் நெஞ்சைச் சுடுகிறது. மறைக்கப்பட வேண்டிய அவரது விவரங்கள் முதல் தகவல் அறிக்கையிலிருந்து வெளியே கசிந்தன. "அந்நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டவர்களும் உண்டு. சென்னை உயர்நீதிமன்றம் மூன்று பெண் காவல் அதிகாரிகளிடம் விசாரணையை ஒப்படைத்தது. 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் சிறையில் இருக்க வேண்டும். அம்மாணவி வாய் திறவாதிருந்தால் அவன் மறுநாளும் அதே வழியே நடந்து வந்திருப்பான் அன்றோ?

சட்டத்திற்குக் குறைவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டமும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகளும் ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கின்றன. மூத்த பெண் ஒருவரே அதன் தலைவர். மாணவர் தொடர்பான புகாராயின் மாணவப் பிரதிநிதிகளும் அதில் அமர வேண்டும். 3 மாதத்திற்குள் புகார் தரலாம். 90 நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். ஆனால் குழுவில் இருப்பவர் யாரென்று தெரியாத மாணவி யாரிடம் போவாள்? சேர்க்கையன்று விடுதிக் கட்டணத்தை விசாரிக்கும் பெற்றோர், அக்குழுவினரின் பெயர்களையும் விசாரித்தல் வேண்டும்.

இன்னொன்றும் மனம்விட்டுச் சொல்கிறோம். தீங்கிழைப்பவனுக்கு அஞ்சி மட்டும் நாங்கள் மௌனமாயிருப்பதில்லை. "படித்தது போதும், வீட்டிலிரு" என்ற சொல்லுக்கே அதிகம் அஞ்சுகிறோம். அன்புள்ள பெற்றோரே, நாங்கள் எதை வந்து சொன்னாலும் படிப்பை நிறுத்த மாட்டோம் என்று, கல்லூரி விண்ணப்பத்தில் கையெழுத்திடும் அன்றே எங்களுக்கு வாக்களியுங்கள்.