எழும்பூர் ஸ்டேஷனை இடிக்கப் போறாங்களா? பக்கத்தில் வருவதுதான் கேள்வி!

தாம்பரத்தில் ஏறி எழும்பூரில் இறங்கும் நம்மில் பலர் அந்தக் கட்டிடத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை. மின்சார ரயிலை விட்டு இறங்கினால் மேம்பாலம், அப்புறம் ஆபீஸுக்கு ஓட்டம். காந்தி-இர்வின் சாலைக்கு வந்து திரும்பிப் பார்த்தால்தான் தெரியும், சிவப்பும் வெள்ளையுமாகக் குவிமாடத்தோடு நிற்கிற அழகு. ஹென்றி இர்வின் வடிவமைத்தது. 1908 ஜூன் 11-ல் திறந்தது. (சாலைப் பெயரில் இருக்கும் இர்வின் வைஸ்ராய். இவர் வேற ஆள்!)

2022 மே மாதம் பிரதமர் அடிக்கல் நாட்டிய மறுசீரமைப்புத் திட்டத்தின் மதிப்பு ₹734.91 கோடி. பழைய கட்டிடத்தை இடிக்க மாட்டார்கள். ஆனால் அதன் பக்கத்தில் புதுக் கட்டிடங்கள் வருகின்றன. அவை எப்படி இருக்க வேண்டும்?

சென்னை இதை ஏற்கெனவே இரண்டு விதமாகச் செய்து பார்த்துவிட்டது, சென்ட்ரலில். 1998-ல் சேர்த்த விரிவாக்கம் பழைய பாணியை அப்படியே காப்பி அடித்தது. எது 1873, எது 1998 என்று புதிதாக வருபவருக்குத் தெரியாது. பார்க்க உறுத்தாதுதான். ஆனால், சேர்க்கும் பகுதி தன் காலத்தின் முத்திரையோடு இருக்க வேண்டும் என்கிறது 1964-ன் வெனிஸ் சாசனம். இன்னொரு பக்கம், 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட் இடத்தில் எழுந்த பல மாடிக் கட்டிடம். சென்ட்ரலுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவில், யாரையும் சட்டை செய்யாமல் நிற்கிறது.

காப்பியை மன்னிக்கலாம், அந்தக் கான்கிரீட் கட்டிடத்தை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் ஐ.எம்.பெய் 1989-ல் கண்ணாடிப் பிரமிடு வைத்தபோது பெரிய சண்டை நடந்தது. ஆனால் விரிவாக்கத்தின் பெரும்பகுதியை அவர் தரைக்கு அடியில் கொண்டுபோய்விட்டார். மேலே தெரிவது கொஞ்சம்தான். அதன் வழியாகவும் பழைய அரண்மனை தெரிகிறது.

எழும்பூரில் பூமிக்கு அடியில் எல்லாவற்றையும் கொண்டுபோக முடியாது, ரயில் ஓட வேண்டுமே. உயரத்தைக் கட்டுப்படுத்தலாம்; முகப்பிலிருந்து தள்ளிக் கட்டலாம். சாலையில் நிற்பவர் கண்ணுக்குக் குவிமாடத்தின் பின்னால் வானம் தெரிய வேண்டும், கண்ணாடிச் சுவர் இல்லை.

இப்படிப்பட்ட திட்டங்களுக்கு வழக்கமாக வெளியிடுவது மேலிருந்து பார்க்கும் படம். நாம யாரும் ட்ரோனில் வந்து இறங்கப் போவதில்லை. காந்தி-இர்வின் சாலை பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தால் எப்படித் தெரியும் என்று ஒரு படம் வரைந்து, ஸ்டேஷன் வாசலிலேயே மாட்டட்டும்.