சிறிய நகரம் வென்ற பெரிய கோப்பை

என்பிஏ என்று உலகம் அறிந்த அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்து லீக்கின் 2024-25 பருவம், 2025 ஜூன் 22 அன்று ஏழாவது இறுதி ஆட்டத்துடன் நிறைவுற்றது. ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி 103-91 என்ற புள்ளிக்கணக்கில் இந்தியானா பேசர்ஸ் அணியை வென்று பட்டம் சூடியது. வழக்கமான சுற்றின் 82 ஆட்டங்களில் 68-ஐ வென்ற அணி அது. அதன் ஊர் நியூயார்க்கும் அல்ல, லாஸ் ஏஞ்சலிஸும் அல்ல. ஏறத்தாழ ஏழு லட்சம் மக்கள் வாழும் ஒரு சமவெளி நகரம். எதிரணியும் பெருநகரத்தைச் சேர்ந்ததன்று. 2019 முதல் 2025 வரையிலான ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு அணிகள் பட்டம் வென்றன. அந்த லீக்கின் வரலாற்றில் இது முன்னெப்போதும் நிகழ்ந்ததில்லை.

இதைச் சமத்துவத்தின் வெற்றி என்று விளையாட்டு எழுத்தாளர்கள் பலர் பாராட்டுகின்றனர். அந்தப் பாராட்டில் நியாயம் உண்டு. ஆயினும், அந்தச் சமத்துவம் யாருக்கும் யாருக்கும் இடையிலானது என்பதைப் பொருளியல் படித்தவர்கள் கேட்டாக வேண்டும்.

கடைத்தெருவில் எதிர்க்கடை மூடப்பட்டால் நம் கடைக்கு லாபம். விளையாட்டில் அப்படியல்ல. எதிரணி நொடித்துப்போனால் நம் அணிக்கு ஆட்டமே இல்லை. எதிரணி மிகவும் பலவீனமானால் அரங்குக்கு வர ஆளில்லை. வால்டர் நீல் என்ற பொருளியலாளர் 1964-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஜோ லூயிஸ், மேக்ஸ் ஷ்மெலிங் என்ற இரு குத்துச்சண்டை வீரர்களை எடுத்துக்காட்டி இந்த விந்தையை விளக்கினார். தனித்தனி அணிகள் அல்ல, லீக்தான் உண்மையான நிறுவனம் என்ற கருத்து அதிலிருந்து வளர்ந்தது.

என்பிஏ இதை நன்கு உணர்ந்த அமைப்பு. தேசிய ஒளிபரப்பு வருவாயை 30 அணிகளும் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. 2024-25 பருவத்தில் ஓர் அணியின் ஊதிய உச்சவரம்பு சுமார் 14 கோடி டாலராக இருந்தது. அதைத் தாண்டச் சில விதிவிலக்குகள் உண்டு. மேலும் தாண்டினால் வரி. அப்பருவத்தில் சுமார் 18.9 கோடி டாலராக இருந்த மேல்வரம்பையும் கடந்த அணி, இரண்டு வீரர்களின் ஊதியத்தைச் சேர்த்து அதற்கு ஈடாக ஒரு பெரிய வீரரைப் பெறக்கூட முடியாது. புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலிலோ, மோசமாகத் தோற்ற அணிகளுக்கே கூடுதல் வாய்ப்பு. முதலாளித்துவத்தின் தலைமைப் பீடத்தில் இத்தனை கட்டுப்பாடான பங்கீடு நடப்பது வேடிக்கைதான். ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் செலவுத்தொகை வரையறுக்கப்படுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

தண்டர் அணி இந்த விதிகளின் உள்ளே நின்றுதான் எழுந்தது. 2019-இல் தன் நட்சத்திர வீரர் பால் ஜார்ஜை லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து, ஷாய் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் என்ற இளைஞரையும் பிற்காலத்துக்கான ஐந்து முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளையும் பெற்றது. அந்த இளைஞர்தான் 2024-25 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 32.7 புள்ளிகள் எடுத்து லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதையும், இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருதையும் வென்றவர். அந்த உரிமைகளுள் ஒன்றின் மூலம் வந்தவர் ஜேலன் வில்லியம்ஸ். இடைப்பட்ட காலத்தில் அணி தாராளமாகத் தோற்றது. 2021-22 பருவத்தில் 58 தோல்விகள். அவற்றுள் மெம்பிஸ் அணியிடம் 73 புள்ளி வித்தியாசத்தில் அடைந்த தோல்வி, லீக் வரலாற்றிலேயே மிகப் பெரியது. தோல்வி இங்கே ஒரு முதலீடு. அம்முதலீட்டின் ஒரு பகுதியை நுழைவுச்சீட்டு வாங்கிய ரசிகர்கள் செலுத்தினார்கள் என்பது யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

வீரரின் ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு. அணியின் விலைக்கு இல்லை. 2025 மார்ச்சில் பாஸ்டன் செல்டிக்ஸை 610 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் ஆனது. ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸின் மதிப்பு சுமார் 1,000 கோடி டாலர் என்று கணக்கிட்டு அதன் பெரும்பான்மைப் பங்கு கைமாற முடிவாயிற்று. 2025-26 பருவம் முதல் 11 ஆண்டுகளுக்கான ஒளிபரப்பு ஒப்பந்தம் சுமார் 7,600 கோடி டாலர். ஐரோப்பியக் கால்பந்தில் கடைசி இடத்துக்குச் சரியும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். புதிய ஊர் ஒன்றின் அணி படிப்படியாக மேலேறலாம். என்பிஏவில் அந்த வழி இல்லை. அணிகள் முப்பதுதான். அணி கேட்கும் நகரங்களோ அதைவிட அதிகம்.

இந்தத் தட்டுப்பாட்டின் விலையைத்தான் ஓக்லஹோமா சிட்டி செலுத்துகிறது. 2023 டிசம்பரில் அந்நகர மக்கள், குறைந்தது 90 கோடி டாலர் செலவில் புதிய அரங்கம் கட்ட, ஆறு ஆண்டுகளுக்கு ஒரு சதவீத விற்பனை வரிக்கு 71 சதவீத ஆதரவு அளித்தனர். அணி உரிமையாளர்களின் பங்கு 5 கோடி டாலர். விற்பனை வரி, வருமானத்தில் பெரும்பகுதியைச் செலவிட்டே தீரவேண்டிய எளியவர்களை அதிகம் அழுத்தும் வரி. அரங்கம் வந்தால் ஊர் செழிக்கும் என்ற வாதமும் நிற்பதில்லை. ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஸிம்பலிஸ்ட் ஆகியோர் 1997-இல் பதிப்பித்த நூலும், பின்வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் ஒன்றையே கூறுகின்றன: திரையரங்கிலும் உணவகத்திலும் செலவாகியிருக்க வேண்டிய பணம் அரங்குக்கு இடம் மாறுகிறதே தவிர, பெரிதாகப் பெருகுவதில்லை.

அப்படியானால் அம்மக்கள் ஏமாளிகளா? நான் அப்படிக் கருதவில்லை. சொந்த ஊரின் அணி தரும் பெருமிதமும் ஒரு நுகர்பொருள்தான். அதற்கு விலை கொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. என் ஆட்சேபம், அந்த விலை நிர்ணயமாகும் விதத்தைப் பற்றியது. தண்டர் அணி வேறோர் ஊரிலிருந்து வந்தது. 41 ஆண்டுகள் சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் என்ற பெயரில் ஆடி, 1979-இல் பட்டமும் வென்ற அணி அது. 2006-இல் ஓக்லஹோமா தொழிலதிபர் கிளே பென்னட் தலைமையிலான குழு அதனை 35 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில், விளையாட்டு அணிகளுக்கு நகர நிர்வாகம் மானியம் தருவதைக் கட்டுப்படுத்தும் தீர்மானத்துக்குச் சியாட்டில் வாக்காளர்களில் 74 சதவீதத்தினர் ஆதரவளித்தனர். புதிய அரங்குக்கு அரசுப் பணம் கிடைக்கவில்லை. 2008-இல் அணி புறப்பட்டுவிட்டது.

மறுத்த 74 சதவீதத்தினர் அணியை இழந்தனர். அவர்கள் இழந்ததைப் பெற்ற ஊர், அணியைத் தக்கவைக்க 71 சதவீத வாக்குடன் பணம் தருகிறது. வாக்குச்சீட்டில் அச்சடிக்கப்படாத சியாட்டிலின் பெயர் அந்த வாக்கெடுப்பில் இருந்தது என்பதே என் கணிப்பு.

போதாது என்று உரிமையாளர்கள் ஒதுக்கிய சியாட்டிலின் பழைய அரங்கம், பின்னர் பெரும்பாலும் தனியார் பணத்தில், 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் புதுப்பிக்கப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. இப்போது அங்கே ஐஸ் ஹாக்கி அணி ஆடுகிறது. என்பிஏவில் புதிய அணிகளைச் சேர்க்கும் பேச்சு எழும்போதெல்லாம் சியாட்டிலின் பெயர் முன்வரிசையில் அடிபடுகிறது. அப்படிச் சேர்த்தால், புதிய அணி செலுத்தும் நுழைவுக் கட்டணம் இப்போதுள்ள 30 அணிகளின் உரிமையாளர்களுக்கே பகிர்ந்தளிக்கப்படும்.