பிஞ்சு வாய்க்குப் பூட்டா?

ஆபத்து வந்துவிட்டது என்று அலறுகின்றனர் சிலர். எங்கிருந்து? எல்லைப்புறத்திலிருந்தா? இல்லை, பள்ளிக்கூடத்து மரத்தடியிலிருந்து! கிறிஸ்தவச் சிறுவன் தன்னுடன் பயிலும் தோழனிடம் ஏசுநாதர் கதையைச் சொல்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வா, பாட்டுக் கேட்கலாம் என்று அழைக்கிறானாம். கிறிஸ்துமஸ் கேக்கில் ஒரு துண்டைப் பிட்டுக் கொடுக்கிறானாம். மதமாற்றச் சதி இது, பிஞ்சிலேயே கிள்ளி எறியவேண்டும் என்கின்றனர்.

நவராத்திரிச் சுண்டலைப் பொட்டலம் கட்டி வந்து வகுப்பிலே பங்கிடும் பிள்ளைகள் இல்லையா? நோன்புக் கஞ்சியைத் தூக்குப் பாத்திரத்திலே அண்டை வீட்டுத் தோழனுக்குக் கொண்டு செல்லும் பிள்ளைகள் இல்லையா? பழனிக்குக் காவடி எடுத்த கதையை விழிகள் விரியச் சொல்லும் சிறுவனை எவரும் பிரசாரகன் என்று பழிப்பதில்லை, பழிக்கவும் கூடாது. அவன் சொன்னால் பண்பாடு, இவன் சொன்னால் படையெடுப்பா? நியாயம் பேசுவோர் தராசின் இரு தட்டையும் ஒரே கையால் தூக்கிக் காட்டட்டும்!

இந்நாட்டின் அரசியல் சட்டம் வாய் மூடி வழிபடும் உரிமையோடு நின்றுவிடவில்லை. மதத்தைக் கைக்கொள்ளவும், அதன்படி ஒழுகவும், அதனைப் பரப்பவும் உரிமை உண்டு என்று 25-ஆவது பிரிவு கூறுகிறது. 'பரப்புதல்' என்ற சொல் அரசியல் நிர்ணய சபையிலே எதிர்ப்பின்றி நுழைந்ததன்று. 1948 டிசம்பரில் அது குறித்து வாதப் போர் மூண்டது. லோகநாத் மிஸ்ரா வன்மையாக எதிர்த்தார். எழுந்து ஆதரித்தவர்களிலே ஒருவர் சென்னையின் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்விக்கூடங்களிலே பயின்றும் தம்மை மதம் மாற்ற எவரும் முயலவில்லை என்று அவர் எடுத்துரைத்தார். கேட்டவர்கள் சிந்தித்தனர், அச்சொல் நிலைத்தது.

"1977-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மறந்தீரோ?" என்று மடக்க முனைவர். மறக்கவில்லை. பிறனை மதம் மாற்றுவது அடிப்படை உரிமையாகாது என்றது அத்தீர்ப்பு. அதே தீர்ப்புத்தான், தன் மதக் கோட்பாடுகளை எடுத்துரைத்துப் பரப்புவது உரிமையே என்றும் சொன்னது. மரத்தடிச் சிறுவன் செய்வது எது? எடுத்துரைப்பது! ஆகவே, அவர்கள் ஏந்தி வரும் தீர்ப்பே அவனுக்குக் கேடயமாகிறது.

எனினும் சட்டங்கள் வேறு திசையிலே ஓடுகின்றன. ஒரிசாவில் 1967-லும் மத்தியப் பிரதேசத்தில் 1968-லும் தொடங்கிய ஓட்டம் அது. தமிழகத்திலும் 2002-ஆம் ஆண்டு அத்தகைய சட்டம் வந்தது. மக்கள் எதிர்ப்புக்குப் பின் ஒழிந்தது. 2021-ஆம் ஆண்டின் உத்தரப் பிரதேசச் சட்டமோ, 'ஆசை காட்டுதல்' என்பதற்குத் தரும் விளக்கத்திலே அன்பளிப்பையும் சேர்த்தது, தெய்வக் கோபத்தையும் சேர்த்தது. 2024-ஆம் ஆண்டின் திருத்தமோ, எவர் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம் என்று வாயிலை அகலத் திறந்துவிட்டது. "பொய் சொன்னால் சாமி கோபித்துக்கொள்ளும்" என்று சொல்லாத குழந்தை எந்த மதத்திலே உண்டு? சிறுவனைச் சிறையில் அடைக்கமாட்டார்கள் என்பது உண்மையே. ஆனால் ஐயம் அவன் தந்தையைத் தொடரும். அவன் பயிலும் பள்ளியைத் தொடரும். நாளடைவில் அவன் நாவைக் கட்டிவிடும். முன்பிருந்த மதத்திற்குத் திரும்புவது மட்டும் மதமாற்றமே ஆகாதென்று அதே சட்டம் விலக்களிக்கிறது. ஒருவழிப் பாதைக்கு நடுநிலை என்று பெயர் சூட்டுகின்றனர்!

உண்மையான ஆபத்து எங்கிருக்கிறது? அதிகாரத்திலே இருக்கிறது. மதிப்பெண் இடும் ஆசிரியர் மதம் பேசினால் மாணவன் மறுக்க அஞ்சுவான். அதனால்தான், முழுதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்விக்கூடத்தில் மத போதனை கூடாதென்று 28-ஆவது பிரிவு தடுத்தது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளிகளிலும் பெற்றோர் இசைவின்றிச் சிறுவனை வழிபாட்டில் நிறுத்தலாகாது என்றது. இந்த வேலி தேவை. ஆனால் தோழனுக்கு ஏது அதிகாரம்? "போடா, எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நொடியே பந்து விளையாட அழைக்கலாமே!

கிறிஸ்தவப் பெரியோர்க்கும் ஒரு சொல். விடுமுறை வேதாகமப் பள்ளிக்குத் தோழனை அழைத்து வந்தால் பரிசு, இத்தனை பேரை அழைத்து வந்தால் பெரிய பரிசு என்று கணக்கு வைப்பீர்களாயின், நட்பை நீங்களே விலைப்பொருளாக்குகிறீர்கள். பிற பிள்ளையின் பெற்றோருக்குத் தெரியாமல் அவனை அழைப்பதும் முறையன்று. பிள்ளை தானாகப் பேசுவது உரிமை. பெரியவர் அவன் வாயைக் குழலாக்கி ஊதுவது சுரண்டல். இவ்வேறுபாட்டை நீங்கள் காக்கத் தவறினால், அடக்குமுறைக்கு நீங்களே சாக்குத் தந்தவராவீர்கள்.

1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை, சிந்தனைக்கும் மனச்சான்றுக்கும் மதத்துக்கும் குழந்தைக்கு உரிமை உண்டென்றும், வளரும் பக்குவத்துக்கேற்ப வழிகாட்டும் கடமை பெற்றோருக்கு உண்டென்றும் கூறுகிறது. 1992-இல் இந்தியா அதனை ஏற்றது. வழிகாட்டுவது வேறு, வாயடைப்பது வேறு. மகன் கேட்டுவந்த கதை பிடிக்கவில்லையெனில், அவனை அருகிலே அமர்த்தித் தம் கதையைச் சொல்லட்டும். தம் காரணத்தை விளக்கட்டும். காவல் நிலையத்துக்கு ஓடவேண்டிய தேவை என்ன?

1951-ஆம் ஆண்டுக் கணக்கிலே இந்நாட்டுக் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 2.3, 2011-ஆம் ஆண்டுக் கணக்கிலும் 2.3. அறுபது ஆண்டுப் 'படையெடுப்பு' பெற்ற வெற்றி இதுதான்! மலையளவு நம்பிக்கை உடையோம் என்று மார்தட்டுவோர், மழலைச் சொல் ஒன்றுக்கு அஞ்சி நடுங்குவானேன்? பிள்ளைகள் பேசட்டும், கேட்கட்டும், மறுக்கட்டும். பேச அஞ்சும் பிள்ளைகளை வளர்க்கும் நாடு, நாளை கேள்வி கேட்க அஞ்சும் குடிமக்களையே பெறும்.