ராக் பாடகரின் ஒலிவாங்கியும் ஆறு என்னும் எண்ணிக்கையும்

கடந்த ஆண்டு எங்கள் வளாக இசைக் குழுவுக்கு ஆறு ஒலிவாங்கிகள் வந்து சேர்ந்தன. மிகக் குறைந்த விலைப்புள்ளி அளித்தவரிடம் வாங்கப்பட்டவை. ஒரு பருவம் முடிவதற்குள் இரண்டின் பொத்தான்கள் பழுதாயின. ஒன்றின் வலைமூடி நசுங்கியது. எஞ்சியவை ஒலியளவைச் சற்றுக் கூட்டியதும் ஊளையிட்டன. விழாவின் இரண்டாம் நாள் ராக் குழுவின் பாடகிக்குத் தொண்டை கட்டிப் பேச்சே எழவில்லை. அவர் போதிய பயிற்சி இல்லாமல் கத்தியதே காரணம் என்று பலரும் தீர்ப்பளித்தனர். இவ்வாண்டும் அதே தொகைக்கு அதே ஆறு கேட்கப்படுவதாக அறிகிறேன். ஆறு வேண்டா, தரமான ஒன்றோ இரண்டோ போதும் என்பது என் கருத்து.

கர்நாடக இசைக் கச்சேரியில் பாடகர் அமர்ந்திருப்பார். ஒலிவாங்கி தாங்கியில் நிற்கும். ராக் மேடையில் அது பாடகரின் கையில் இருக்கும். அது விழும், வியர்வையில் நனையும், உதட்டில் உரசும், கம்பியோடு இழுபடும். இதைத் தாங்குவதற்கு உரியது டைனமிக் வகை. மெல்லிய அதிர்படலம் ஒன்று, அதனோடு ஒட்டிய கம்பிச்சுருள், அதைச் சூழ்ந்த காந்தம்: அடிப்படை இவ்வளவே. குரல் படலத்தை அசைக்கச் சுருள் காந்தப்புலத்தில் அசைகிறது, மின்னலை பிறக்கிறது. உள்ளே பெருக்கிச் சுற்று இல்லை. வெளியிலிருந்து மின்சாரமும் தேவையில்லை. பழுதாகக்கூடிய உறுப்புகள் குறைவு என்பதே இதன் உறுதியின் இரகசியம். 1966இல் வெளிவந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் மேடைகளில் நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால், கீழே விழுந்தும் உடையாதிருப்பது மட்டும் உறுதியாகாது. சுற்றிலும் இரைச்சல் மிகும்போது மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவர். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார்டு 1911இல் விளக்கிய இவ்வியல்பு அவர் பெயராலேயே வழங்குகிறது. பின்னால் முரசுகள், பக்கத்தில் கிதார் பெருக்கிகள். தன் குரல் தனக்கே கேட்காத பாடகி கத்தாமல் என்ன செய்வார்? அவர் முன் உள்ள ஒலிபெருக்கியில் குரலைக் கூட்ட வேண்டும். கூட்டினால் மலிவான ஒலிவாங்கி ஊளையிடுகிறது. எனவே ஒலி குறைக்கப்படுகிறது, சுமை குரல்நாண்களுக்கு மாறுகிறது. முன்னிருந்து வரும் ஒலியை ஏற்றுப் பின்னிருந்து வருவதை நன்கு தவிர்க்கும் கார்டியாய்டு வகைக் கருவி இந்தச் சங்கிலியை முதற்கண்ணியிலேயே அறுக்கிறது. பாடகியின் தொண்டையைக் குறைகூறுமுன் நாம் அவர் கையில் எதைக் கொடுத்தோம் என்று கேட்டிருக்க வேண்டும்.

ஒப்பீட்டு அட்டவணையை மட்டும் பார்ப்போர் இங்கே இடறுவர். எஸ்எம்58 பதிவுசெய்யும் அதிர்வெண் வீச்சு 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை. அதைவிட மலிவான பல கருவிகள் 20,000 வரை செல்வதாக அட்டையில் அச்சிட்டுக்கொள்கின்றன. தாளத்தட்டின் சிதறலையும் சேர்த்து வாங்கும் வீச்சு, அருகில் நின்று பாடும் குரலுக்கு நன்மையன்று. ஓர் எண்ணை அதன் பயன்பாட்டிலிருந்து பிரித்துப் படிப்பதை நம் ஆய்வேடுகளில் அனுமதிக்க மாட்டோம். கொள்முதலில் மட்டும் ஏன் அனுமதிக்கிறோம்?

மறுப்புகள் உண்டு. கண்டென்சர் வகையில் குரலின் நுணுக்கம் கூடுதலாகத் தெரியும் என்பது உண்மையே. நாய்மன் கேஎம்எஸ் 105 போன்ற மேடைக்குரிய கண்டென்சர்களும் இருக்கின்றன. அமைதியான மேடைக்கு அவை சிறந்தவை. ஈரமும் இரைச்சலும் பலர் கைமாறுதலும் உள்ள மாணவர் மேடைக்கு அல்ல. பீட்டா 58ஏ போன்ற சூப்பர்கார்டியாய்டு கருவிகள் பக்கத்து ஒலியை மேலும் தவிர்க்கும். எனினும் நேர் பின்புறத்தில் சிறிது ஏற்கும். ஆகவே பாடகருக்கான ஒலிபெருக்கியை நேரெதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைக்கத் தெரிந்தவர் இருந்தால் மட்டும் அவற்றை நாடலாம்.

என் பரிந்துரை எளியது. பொத்தான் இல்லாத, உலோக உடல்கொண்ட கார்டியாய்டு டைனமிக் ஒலிவாங்கியை அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். புகழ்பெற்ற மாதிரிகளுக்குப் போலிகள் மிகுதி. வலைமூடி தனியே கிடைக்கிறதா என்று பாருங்கள். அதைக் கழற்றிக் கழுவி, நன்கு உலர்த்திய பின் மாட்டுங்கள். மிச்சப்படும் தொகையில் நல்ல கம்பிகள் வாங்குங்கள். ஒலிவாங்கி பழுது என்று ஒதுக்கப்படுபவற்றுள் பல கம்பியின் பழுதே. பாடகர்களுக்கும் ஒரு சொல்: வலைமூடியைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். பின்புற ஒலியைத் தவிர்க்கும் துளைகள் அடைபட்டால் எவ்வளவு உயர்ந்த கருவியும் ஊளையிடும்.

ஆறு என்னும் எண்ணிக்கை தணிக்கைக் கோப்பில் நிறைவாகத் தோன்றலாம். அடுத்த பருவத்தில் அவற்றுள் எத்தனை உழைக்கின்றன என்பதையும், அவற்றில் பாடியவர்களின் குரல் எந்நிலையில் இருக்கிறது என்பதையும் அக்கோப்பில் எழுத ஒரு கட்டம் வேண்டும்.