நிறுத்திய நாள் யாருக்கு நஷ்டம்?

பழனி மலையில் ரோப் காரை ஆண்டுதோறும் பராமரிப்புக்காக நிறுத்துகிறார்கள். அப்போதெல்லாம் "இத்தனை நாளா?" என்று முணுமுணுப்பவர் உண்டு. வயதான பக்தர் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் யந்திரம் நின்ற நாளையெல்லாம் நஷ்டக் கணக்கில் எழுதுகிற கூட்டம் முணுமுணுத்தால், தோழர்களே, நாம் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்!

பெட்டியை மலைமேல் இழுக்கும் கயிறு லேசுப்பட்டதல்ல. எஃகுக் கம்பிகளை முறுக்கிய ஆறு புரிகள், நடுவே ஒரு திரி. முதலில் மெல்லிய கயிற்றைக் கோபுரம் கோபுரமாகக் கொண்டுபோய், அதன் வாலில் தடித்த கயிற்றைக் கட்டி இழுக்கிறார்கள். வளையமாகச் சுற்றும் கயிறானால் இரு முனைகளையும் ஒன்றாக்க வேண்டும். முடிச்சுப் போட்டால் சக்கரத்தில் ஏறாது. ஆகவே முனைகளைப் புரி புரியாகப் பிரித்து, ஒரு பக்கத்துப் புரியை உருவி, அது விட்ட பள்ளத்தில் எதிர்ப்பக்கத்துப் புரியை முறுக்கி அமர்த்துகிறார்கள். மிஞ்சும் வால்களை, நடுத்திரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செருகுகிறார்கள். கயிற்றின் பருமனைப்போல் 1,200 மடங்கு நீளத்துக்கு இந்த வேலை. 40 மில்லிமீட்டர் கயிறென்றால் 48 மீட்டர்! வைக்கோல் பிரி திரித்த கைக்கும், ஆலையில் அறுந்த இழையைப் பிடிக்கும் விரலுக்கும் இதன் அருமை தெரியும். அவசரப்படுத்த முடியாத வேலை இது. லாப வேட்டைக்காரனுக்குப் பிடிக்காததும் அதனால்தான்.

இத்தாலியில் நடந்ததைப் பாருங்கள். மொத்தரோனே மலை, 2021 மே 23, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா அடைப்புக்குப் பின் ரோப்வே மீண்டும் ஓடத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அங்கே இழுவைக் கயிறு இப்படிப் பின்னிய வளையமல்ல. அதன் முனை பெட்டியோடு பிணைக்கப்பட்டிருந்தது. மேல் நிலையத்துக்குச் சில மீட்டர் இருக்கையில், அந்த முனையருகே கயிறு அறுந்தது.

அறுந்தால் என்ன? பெட்டியைத் தாங்குவது வேறொரு வடம். அதை இறுகப் பிடித்துக்கொள்ள அவசரப் பிரேக் உண்டு. ஆனால் அந்தப் பிரேக் பிடிக்காதபடி இரும்புக் கவையை மாட்டி வைத்திருந்தார்கள்! பிரேக்கில் கோளாறு, அது அடிக்கடி தானாகப் பிடித்துச் சவாரியை நிறுத்தியது. கோளாறைச் சரிசெய்ய ரோப்வேயை மூட வேண்டும். மூடினால் வசூல் நிற்கும். வசூல் நிற்கவில்லை, பெட்டியும் நிற்கவில்லை. பின்னோக்கிப் பாய்ந்து கோபுரத்தருகே விழுந்தது. உள்ளே இருந்த 15 பேரில் 14 பேர் மாண்டார்கள். பிழைத்தது ஐந்து வயதுப் பாலகன் ஒருவன். தாய், தந்தை, தம்பி மூவரையும் இழந்தான்.

இதற்குப் பெயர் விபத்தா? அறுந்த இடத்தில் பெரும்பாலான கம்பிகள் முன்பே இற்று ஒடிந்திருந்தன என்று நீதிமன்றம் அமர்த்திய நிபுணர்கள் கண்டார்கள். முறையாகச் சோதித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

கவையை விட்டுவைத்ததை அங்கிருந்த பொறுப்பாளர் ஒருவர் ஒப்புக்கொண்டார். சரி, அவர் தவறுதான். அதோடு ஏட்டை மூடிவிடலாமா? பல்சக்கரத்தின் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிற மேஸ்திரியை நமக்குத் தெரியாதா? விரல் போனபின் "கவனக்குறைவு" என்று சார்ஜ் ஷீட் யார் பெயருக்கு வருகிறது என்பதும் தெரியும்.

நாம் கேட்பது சொற்பம். கயிற்றைத் தடவிப் பார்க்கிறவனுக்கே அதை நிறுத்தும் அதிகாரம் வேண்டும். நிறுத்திய நாளுக்கும் அவனுக்கு முழுக் கூலி வேண்டும்.