ஏர்கோன் வாங்கியாச்சு, மாட்டுவது யார்?

வெயில் ஏறிவிட்டால் எங்கள் வானொலி நிகழ்ச்சிக்கு வரும் குரல் பதிவுகளில் பாதி ஏர்கோனைப் பற்றித்தான் இருக்கும். எந்த பிராண்டு நல்லது, எத்தனை குதிரைசக்தி போதும், எந்தக் கடையில் மலிவு விலை? எல்லாக் கேள்வியும் கடை வாசலோடு நின்றுவிடும். மாட்ட வருகிறவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

பிரிட்ஜ் என்றால் பிளக்கைச் செருகினால் ஓடும். ஏர்கோன் அப்படியல்ல. சுவரில் ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, நடுவில் இரண்டு செம்புக் குழாய்கள். இவற்றை இணைத்து ஒரே இயந்திரமாக்குவது உங்கள் வீட்டில்தான் நடக்கிறது. அந்த இரண்டு மூன்று மணி நேர வேலைதான் பெட்டி பத்து வருடம் ஓடுமா, இரண்டு வருடத்தில் படுத்துவிடுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

பெட்டிகளைச் செய்வதில் நம் ஊர் ஒன்றும் சளைத்ததில்லை. மாட்சுஷிதா நிறுவனம் 1972-லேயே ஷா ஆலமில் ஏர்கோன் தொழிற்சாலை தொடங்கியது. அதுதான் இன்றைய பானசோனிக். ஆக்சன் என்ற பெயரில் ஏர்கோன் செய்த நம் ஊர் ஓ.ஒய்.எல். நிறுவனத்தை 2006-ல் ஜப்பானின் டைக்கின் வாங்கியது. பொருள் விஷயத்தில் குறைசொல்ல அதிகம் இல்லை. குறை பெரும்பாலும் ஏணியோடு வருகிறது.

கிள்ளானில் என் சின்னம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சித்தப்பா பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. பகல் முழுக்க வெயில் குடித்த மேற்குச் சுவர், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் தொட்டால் சுடும். அவருக்காகச் சேமிப்பிலிருந்து எடுத்து ஒரு குதிரைசக்தி ஏர்கோன் வாங்கினார்கள். ஆறு மாதத்தில் குளிர் குறைந்தது. மாட்டியவரே வந்து, "கேஸ் முடிஞ்சிருச்சு ஆன்ட்டி" என்று நிரப்பிவிட்டு 100 வெள்ளிக்கு மேல் வாங்கிப் போனார். அடுத்த வருடம் மறுபடியும். மூன்றாவது முறை வேறொருவர் வந்து இணைப்பு நட்டைக் கழற்றிப் பார்த்தார். குழாய் முனையை விரித்த இடத்தில் மயிரிழை விரிசல். முதல் நாளிலிருந்தே அங்கேதான் கசிந்திருக்கிறது.

இதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: ஏர்கோன் கேஸ் கார் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருளே கிடையாது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. உள்ளே ஆவியாகும்போது அறையின் சூட்டை வாங்கிக்கொள்கிறது, வெளியே திரவமாகும்போது அதைக் கொட்டிவிடுகிறது. கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்புகிறவருக்கு நீங்கள் மாதாந்திரச் சந்தா கட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

இப்போது வரும் பெட்டிகளில் பெரும்பாலும் ஆர்32 என்ற கேஸ்தான். முன்பிருந்த ஆர்22 ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வகை. 1987-ன் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் உலகமே அதைப் படிப்படியாக விலக்கி வருகிறது. புது கேஸ் பழையதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் ஓடும். அதோடு லேசாகத் தீப்பிடிக்கும் தன்மையும் உண்டு. அதனால் ஆர்22 காலத்துப் பழைய குழாயை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம், செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். அந்தக் குழாயின் கனமும் அளவும் புதுப் பெட்டிக்குப் பொருந்துமா என்று தயாரிப்பாளர் கையேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். புதுக் குழாய் என்றாலும் அதன் கனம் எவ்வளவு, சுற்றியிருக்கும் கறுப்பு நுரை உறை எவ்வளவு தடிப்பு என்று கேளுங்கள். உறை மெல்லியதாக இருந்தால் நம் ஈரக் காற்றில் குழாய் வியர்த்து, சீலிங்கில் மஞ்சள் கறை படியும்.

அடுத்தது வெக்கூம் பம்ப். எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். குழாய்களை இணைத்ததும் உள்ளே சாதாரணக் காற்றும் ஈரப்பதமும் இருக்கும். அவற்றை ஒரு சிறு பம்ப் வைத்து முழுவதுமாக உறிஞ்சி எடுக்க வேண்டும். குறைந்தது 15, 20 நிமிடம் ஓட வேண்டும். பிறகு பம்பை நிறுத்தி, மீட்டர் முள் ஏறாமல் நிற்கிறதா என்று சிறிது நேரம் பார்க்க வேண்டும். முள் ஏறினால் கசிவு. இப்படிச் செய்யாமல், கொஞ்சம் கேஸைத் திறந்து காற்றைத் துரத்திவிட்டு, "சரி ஆச்சு" என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நாலு வீடு முடிக்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு. உள்ளே தங்கிய ஈரம் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து மெல்ல அமிலமாகும். அன்றைக்கு ஏர்கோன் ஜில்லென்றுதான் ஓடும். கம்ப்ரஸர் போவது பிறகு. அதனால் நாள் குறிக்கும்போதே, "வெக்கூம் பம்ப் கொண்டு வருவீங்களா தம்பி?" என்று கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்வி ஒன்றிலேயே மறுமுனையில் குரல் மாறும், கவனியுங்கள்.

அளவைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. ஒரு குதிரைசக்தி என்பது சுமார் 9,000 பிடியு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு அது போதும்; மேற்கு வெயில் வாங்கும் அறை, மேல்மாடி அறை என்றால் ஒன்றரை. பெரிதாக வாங்கினால் நல்லது என்ற நினைப்பு வேண்டாம். தேவைக்கு மீறிய பெட்டி சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும்; காற்றில் உள்ள ஈரத்தை இழுக்க நேரம் போதாது. அறை குளிர்ந்தும் உடம்பு பிசுபிசுக்கும்.

மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். டிபி பெட்டியிலிருந்து ஏர்கோனுக்கென்று தனி வயர், தனி சுவிட்ச் வேண்டும். கிள்ளான், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் பழைய வீடுகளில் இருபது முப்பது வருட வயரிங் அப்படியே இருக்கும். அங்கே ஏற்கெனவே உள்ள பிளக் பாயிண்டிலிருந்து இழுத்துக் கொடுப்பதும், நீட்டிப்பு வயரில் ஓட்டுவதும் ராத்திரி எல்லாரும் தூங்கும்போது சுவருக்குள் சூடேறுகிற வேலை. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். இடி மின்னல் நேரத்தில் ரிமோட்டில் அணைப்பதோடு நிற்காமல் அந்தத் தனி சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் பெட்டிகளின் மின்பலகை மின்னலில் போனால் விலை கொஞ்சமில்லை.

வெளிப் பெட்டியை எங்கே வைப்பது? அது சூட்டைக் கொட்டுகிற பெட்டி. நாலு பக்கமும் அடைத்த கிணற்றுச் சந்தில் வைத்தால் தன் சூட்டையே திரும்பக் குடிக்கும். தெரஸ் வீடுகளில் பின்சந்தைப் பார்த்து வைப்பது வழக்கம். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே ஊதாமல் இருக்கட்டும். தண்ணீர்க் குழாய் சரிவாக இறங்கி நம் சாக்கடையில் விழ வேண்டும். பக்கத்து வீட்டு அத்தையின் துளசிச் செடியில் சொட்டிய தண்ணீர் பிரிவினையில் முடிந்த கதை எனக்கே இரண்டு தெரியும்.

கொண்டோவாசிகள் முதலில் நிர்வாக அலுவலகத்துக்குப் போங்கள். வெளிச்சுவர் உங்களுடையதல்ல, பொதுச் சொத்து. பெட்டிக்கென்று ஒதுக்கிய திட்டில்தான் வைக்க முடியும், துளை போட நேரக் கட்டுப்பாடு இருக்கும், முன்பணமும் கேட்பார்கள். அந்தத் திட்டில் ஏறி நிற்பவர் ஒரு மனிதர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பதினைந்தாவது மாடியில் இடுப்பில் கயிறு இல்லாமல், ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். "பழக்கம்தான் அண்ணே" என்று சிரிப்பார்கள். பாதுகாப்பு வார் இல்லாமல் வந்தால் வேலையை அடுத்த நாளுக்குத் தள்ளிப் போடுங்கள். மலிவு விலைக்குப் பேரம் பேசும்போது நாம் குறைப்பது சில நேரம் அந்த வாரின் விலையை.

கரண்ட் பில்லுக்குப் பயந்தே வீட்டுப் பெரியவர்கள் பலர் ஏர்கோன் வேண்டாம் என்கிறார்கள். கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 800 வாட் பெட்டி எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 6.4 யூனிட். முப்பது ராத்திரிக்கு 192 யூனிட். 2025 ஜூலையில் வந்த புதுக் கட்டணத்தில், சலுகைக் கழிவுக்கு முன் யூனிட்டுக்கு ஏறக்குறைய 44 காசு. ஆக 85 வெள்ளி. இது உச்சக் கணக்கு. குளிர்ந்தபின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகையில், கதவு ஜன்னலை ஒழுங்காக மூடி 25-ல் வைத்தால் இதைவிட நன்றாகவே இறங்கும். வீட்டின் மொத்த உபயோகம் மாதம் 600 யூனிட்டுக்குள் இருந்தால் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் இல்லை. 18-ல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்தித் தூங்குகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

வேலை முடிந்ததும் உடனே பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். இணைப்பு நட்டுகளில் சோப்பு நுரை தடவி, குமிழ் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உள் பெட்டித் தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றி, அது வெளியே வந்து சேர்கிறதா என்று பாருங்கள். ரசீதில் பெட்டியின் வரிசை எண்ணும், மாட்டிய தேதியும், மாட்டியவரின் பெயரும் இருக்கட்டும். உத்தரவாதம் கேட்டுப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

சின்னம்மா வீட்டில் இப்போது முனையை வெட்டி, புதிதாக விரித்து, பம்ப் போட்டு மாட்டியிருக்கிறார்கள். 26-ல் ஓடுகிறது. அதற்குக் கீழே இறக்கினால் சித்தப்பா முறைக்கிறாராம்.